அலங்கார பிளாஸ்டர் வேலைப்பாடுகள் நெடுங்காலம் நிலைக்கச் செய்யும் முறை

கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஓடும் கார்னிஸ், விளக்கைச் சூழ்ந்த வட்டப் பூவேலை, தூணின் தலையில் சுருண்டு நிற்கும் இலைக்கொத்து ஆகிய உட்புற அலங்காரங்கள் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆன பிளாஸ்டரில் வார்க்கப்படுகின்றன. முறையாகக் கலந்து, முழுவதும் உலர்ந்து, ஈரம் அண்டாமல் இருக்கும் பிளாஸ்டர் தானாக நலிவதில்லை. ஒரு நூற்றாண்டைக் கடந்த பின்னும் இலை நரம்புகளின் கூர்மை மாறாத வார்ப்புகள் இன்றும் பல பழைய கட்டடங்களில் உள்ளன. கெட்டுப்போன வேலைப்பாடுகளை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் தேவைக்கு மேற்பட்ட நீர், அல்லது தளர்ந்துபோன பிடிமானம் என்ற இரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும். ஆகவே வேலை நீடிக்க வேண்டும் என்று விரும்புபவர், முகப்பின் அழகுக்குக் காட்டும் அக்கறையைக் காட்டிலும், வாளியில் ஊற்றும் நீரின் அளவிலும் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்திலும் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும்.

பொருளும் நீரும்

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும், அதன் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரும் சேர்ந்த கனிமம். அதன் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர்தான். அதைத் தூளாக்கிச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால், அந்த நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று நாம் அறிந்த வெண்தூள் எஞ்சுகிறது. மீண்டும் தண்ணீர் சேர்ந்ததும் அந்தத் தூள் தான் இழந்த நீரைத் திரும்ப ஏற்று, ஊசி வடிவ நுண்படிகங்களாக வளர்ந்து, அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, மறுபடியும் ஜிப்சமாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். கலவை சற்றே விரியவும் செய்யும். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் அளவிலான இந்த விரிவால்தான், அச்சின் மிக நுணுக்கமான பள்ளங்கள்கூட வார்ப்பில் தெளிவாகப் பதிகின்றன.

இந்த வினை முழுமையாக நடைபெற 100 கிலோ தூளுக்கு 18.6 கிலோ நீர் போதுமானது. ஆயினும் அந்த அளவில் கலவை ஈரமண்ணைப் போல இருக்குமே தவிர அச்சில் பாயாது. எனவே சாதாரண வார்ப்பு பிளாஸ்டரில் 100 கிலோவுக்கு 60 முதல் 80 கிலோ வரை நீர் சேர்க்கப்படுகிறது. 10 கிலோ தூளில் 7 லிட்டர் நீர் ஊற்றினோம் என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 1.9 லிட்டர் படிகத்துக்குள் சேர்ந்துவிடும், மீதமுள்ள 5 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்லும். வார்ப்பின் வலு என்பது அந்தத் துளைகள் எவ்வளவு என்பதைப் பொறுத்ததே. ஊற்றுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு குவளை நீரும், பின்னாளில் அந்த வார்ப்பின் விளிம்பு உதிர்வதற்கான காரணத்தை இன்றே உள்ளே வைப்பதாகும். படிகளின் மூக்குகள், கைபடும் உயரத்திலுள்ள சட்டங்கள் போன்று அடிபடக்கூடிய இடங்களுக்கு, நீராவி அழுத்தத்தில் தயாரிக்கப்படும் ஆல்ஃபா வகை பிளாஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு 30 முதல் 45 கிலோ நீரே போதும் என்பதால், இறுகியபின் அது மிகுந்த கடினத்தன்மை பெறுகிறது. மற்ற இடங்களுக்குச் சாதாரண வகையே போதுமானது; கனமும் விறைப்பும் மிகுந்த பொருளை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது நல்ல நடைமுறை என்று நான் கருதவில்லை.

தூளின் வயதையும் கவனிக்க வேண்டும். பிரித்து வைத்த மூட்டை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று மெல்லக் கெட்டுப்போகிறது. அத்தகைய தூளில் இறுகும் நேரம் நிலையின்றி மாறும், வலுவும் குறையும். கையில் அள்ளும்போது கட்டிகள் தென்பட்டால் அதைச் சலித்துப் பயன்படுத்த முயலாமல் ஒதுக்கிவிடுவதே சரி.

கலக்கும் முறை

நீரையும் தூளையும் எடை போட்டே எடுக்க வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. முதலில் சுத்தமான, குளிர்ந்த குடிநீரை வாளியில் ஊற்றி, அதன்மேல் தூளைக் கையாலோ சல்லடையாலோ பரவலாகத் தூவ வேண்டும். நீரைத் தூளில் ஊற்றினால் கட்டிகளும் காற்றுக்குமிழிகளும் உள்ளே சிக்கிக்கொள்ளும். தூவி முடித்தபின் ஓரிரு நிமிடம் அசையாமல் ஊறவிட்டு, அதன்பிறகு வாளியின் அடியிலிருந்து மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகச் சுழலும் கருவியைப் பயன்படுத்துவோர் அதன் தலை நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்குமாறு பார்த்துக்கொண்டால் காற்று புகாது.

முந்தைய கலவையின் இறுகிய துணுக்குகள் வாளியிலோ கரண்டியிலோ ஒட்டியிருந்தால், அவை புதிய படிகங்கள் வளர்வதற்கான வித்துகளாகி, கலவையை எதிர்பாராமல் விரைந்து இறுகச் செய்யும். அவ்வாறு இறுகத் தொடங்கிய கலவையில் மேலும் நீர் ஊற்றிக் கலக்கித் தளர்த்துவது, இந்தத் தொழிலில் செய்யக்கூடாத செயல்களில் முதன்மையானது. பின்னிக்கொண்டிருக்கும் படிகங்கள் அப்போது உடைந்துவிடும். மறுபடி அவை முழுமையாகப் பின்னிக்கொள்வதில்லை. பார்வைக்கு அந்த வார்ப்பு நன்றாகவே தோன்றினாலும் நகத்தால் கீறினால் மாவாக உதிரும். இறுகலைத் தாமதப்படுத்த வேண்டுமானால், தொடக்கத்திலேயே வஜ்ஜிரப் பசை (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை) கரைத்த நீரையோ மிகச் சிறிதளவு சிட்ரிக் அமிலத்தையோ சேர்க்கலாம்; அளவு மீறினால் இவையும் வலுவைக் குறைக்கும். பெருமளவு பிளாஸ்டர் இறுகும்போது தோலைச் சுட்டுவிடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படும் என்பதால், இறுகும் கலவைக்குள் கையை வைத்திருப்பது ஆபத்தானது.

அச்சும் இரண்டு பூச்சுகளும்

இலைகளின் அடிப்பகுதி உட்குழிந்திருக்கும் பூவேலைகளுக்கு, வளைந்து கழலும் சிலிகான் ரப்பர் அச்சு ஏற்றது; குழிவுகள் இல்லாத நேர்வடிவங்களுக்கு அரக்குப் பூசி அடைத்த பிளாஸ்டர் அச்சே போதும். கழற்றுவதற்காகத் தடவும் எண்ணெயோ சோப்போ மெல்லிய படலமாக மட்டும் இருக்க வேண்டும். பள்ளங்களில் அது தேங்கினால் நுணுக்கம் மழுங்குவதோடு, வார்ப்பின் மேற்பரப்பும் மென்மையாகி, பின்னர் பூசும் வண்ணமும் பற்றாமல் போகும்.

பெரிய வார்ப்பைத் திண்ணமான ஒரே கட்டியாக ஊற்றுவது வலுவைக் கூட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கனத்தை மட்டுமே கூட்டுகிறது. பிளாஸ்டர் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. கூரையிலிருந்து தொங்கும் பொருளுக்கோ இழுவையைத் தாங்குவதே முதல் தேவை. இந்தக் குறையை நீக்க, சணல் துணியையும் மெல்லிய மரச் சட்டங்களையும் உள்ளே வைத்து வார்க்கும் முறைக்கு, லெனார்டு அலெக்சாண்டர் தெசாஷி என்ற பிரெஞ்சுச் சிற்பி 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதன்பின் பத்து மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள, மெல்லிய, ஆனால் உறுதியான பெரிய பலகைகளைப் பட்டறையிலேயே வார்த்து, இறுகியபின் கூரையில் ஏற்றுவது இயல்பாயிற்று. இன்றும் வேலையின் அடிப்படை அதுவே.

அச்சில் முதலில் பாலாடைப் பதத்தில் ஒரு பூச்சைத் தூரிகையால் எல்லாக் குழிகளிலும் குத்திப் பரப்ப வேண்டும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்தப் பூச்சே வார்ப்பின் முகம். இதில் காற்றுக்குமிழி இருந்தால் முகத்தில் துளையாகத் தெரியும். அது கெட்டிப்படத் தொடங்கி, ஆனால் இன்னும் ஈரப்பசையோடு இருக்கும் வேளையில் இரண்டாம் பூச்சை இட்டு, அதில் நன்றாக நனைத்த துணியை அழுத்திப் பதிக்க வேண்டும். இந்த நேரக்கணக்கு தவறக்கூடாது. முதற்பூச்சு முற்றிலும் இறுகியபின் இரண்டாவதை இட்டால், அவை ஒன்றாகாமல் இரண்டு ஏடுகளாக நின்று, சில ஆண்டுகளில் முகம் தனியே கழன்று விழும்; மாறாக மிக முன்னதாகவே துணியை அழுத்தினால் அதன் இழைகள் முகத்தைத் துளைத்து வெளியே தெரியும். இதனால்தான் இரண்டாம் கலவையில் மட்டும் சற்று வஜ்ஜிர நீர் சேர்த்து, அது முதற்பூச்சைவிட மெதுவாக இறுகுமாறு செய்யும் வழக்கம் கைவினைஞர்களிடம் நிலைத்திருக்கிறது.

துணியின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சில அங்குலம் படிய வேண்டும். ஓரங்களில் அது மடித்துத் திரும்பி, மரச்சட்டத்தைச் சுற்றிக்கொள்ள வேண்டும். விளிம்பில் துணி எட்டாத வார்ப்பு, ஏணியில் ஏற்றும்போதே உடையும். துணியாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. சணல் இயற்கை நார்; ஈரம் நீடித்தால் பூஞ்சை அதை அரித்துவிடும். கண்ணாடி இழை மக்குவதில்லை. சிமெண்டின் காரத்தன்மை சாதாரணக் கண்ணாடி இழையைத் தின்றுவிடும். ஜிப்சமோ ஏறத்தாழ நடுநிலையானது என்பதால் அதற்குள் அந்த இழை பாதுகாப்பாக இருக்கும். பழைய வேலையை அதே முறையில் மீட்டெடுக்கும் தேவை இல்லாத இடங்களில் கண்ணாடி இழையையே பயன்படுத்துவது நல்லது.

உலோகத்தைப் பொறுத்தவரை இதே நடுநிலைத் தன்மை பாதகமாகிறது. சிமெண்டின் காரம் தனக்குள் புதைந்த இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. ஜிப்சம் அவ்வாறு காப்பதில்லை. சாதாரண ஆணியும் கட்டுக்கம்பியும் ஈர பிளாஸ்டருக்குள் துருப்பிடித்து, பழுப்புக் கறையாக முகத்துக்கு வந்து, பின் பருத்து வார்ப்பைப் பிளக்கும். உள்ளே புதையும் எந்த உலோகமும் துத்தநாகப் பூச்சு உடையதாகவோ, எவர்சில்வராகவோ இருக்க வேண்டும்.

உலர்த்துதல்

இறுகிய வார்ப்பு உலர்ந்த வார்ப்பு அல்ல. அச்சிலிருந்து கழற்றும்போது அதன் வலு, உலர்ந்தபின் இருக்கப்போகும் வலுவில் பாதியளவே. மேலும், எஞ்சிய நீர் ஏறக்குறைய முழுவதும் போன கடைசிக் கட்டத்தில்தான் வலு உயர்கிறது. பாதி உலர்ந்த நிலையில் ஏற்றுவதால் எந்த நன்மையும் இல்லை. சமமான தளத்தில், இரண்டு பக்கமும் காற்றுப்படுமாறு சட்டங்களின்மேல் கிடத்தி உலர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உலர்ந்தால் நீண்ட துண்டுகள் வில்லாக வளைந்துவிடும், பின்பு அவற்றைத் திருகாணியால் இழுத்து நேராக்கினால் விரிசல் நிச்சயம். அவசரத்துக்காகச் சூடேற்றுவோர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடுதல் வெப்பத்தில் மெல்லிய விளிம்புகள் படிக நீரை இழந்து மறுபடி தூளாகத் தொடங்கும். உலர்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு மாதிரித் துண்டை நாள்தோறும் எடை போடுவதே நம்பத்தக்க வழி. எடை குறைவது நின்றால் நீர் போய்விட்டது என்று பொருள்.

பொருத்துதல்

லண்டனில் 1901இல் கட்டப்பட்ட அப்பல்லோ நாடக அரங்கின் கூரையிலிருந்து, 2013 டிசம்பர் 19 அன்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பிளாஸ்டர் வேலைப்பாட்டின் ஒரு பெரும் பகுதி பார்வையாளர்மேல் விழுந்து, 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மேலே இருந்த உத்தரங்களோடு கூரையைப் பிணைத்திருந்த சணல் துணிக் கட்டுகள் காலப்போக்கில் நலிந்துபோனதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கீழிருந்து காண்பவருக்குத் தென்படாத இடத்தில் அந்த நலிவு இருந்தது. தலைக்குமேல் தொங்கும் எந்த வேலைப்பாட்டையும் பொருத்துபவர் இந்த நிகழ்வை நினைவில் கொள்ள வேண்டும்.

கனமில்லாத கார்னிஸை பிளாஸ்டர் பசையால் ஒட்டலாம். ஆயினும் பசையை மட்டும் நம்பிப் பெரிய வார்ப்புகளை விடக்கூடாது. சுவரில் உள்ள பழைய வண்ணம், டிஸ்டெம்பர், தூசி ஆகியவற்றைச் சுரண்டி நீக்கி, ஒட்டும் இரு பரப்புகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே பசை பூச வேண்டும். உலர்ந்த பிளாஸ்டர் மிகுந்த உறிஞ்சும் தன்மை உடையது. அது பசையிலுள்ள நீரை இறுகுவதற்கு முன்பே உறிஞ்சிக்கொண்டால், பசை பிடிப்பின்றிப் பொடியாகவே நின்றுவிடும். பிறகு, பொதுவாக 40 முதல் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில், துருப்பிடிக்காத திருகாணிகளை வார்ப்புக்குள் உள்ள மரச்சட்டத்தின் வழியாகச் செலுத்தி, மேலே உள்ள உத்தரத்திலோ சுவரின் உறுதியான பகுதியிலோ பிடிக்கச் செய்ய வேண்டும். துளையை முன்கூட்டியே இட்டு, திருகாணித் தலையின்கீழ் ஒரு வளையத்தகடு வைத்து, இறுக்கம் உணரப்படும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினாலும் அந்த இடத்தில் பிளாஸ்டர் நசுங்கிப் பிடிமானம் போய்விடும்.

மேற்புறத்தில் ஆள் சென்று வேலை செய்ய இடமிருந்தால், அங்கிருந்து கட்டுப் போடுவது இன்னும் மேலானது. எவர்சில்வர் கம்பியை வார்ப்பின் சட்டத்திலிருந்து உத்தரத்துக்குச் சுற்றி, பிளாஸ்டரில் தோய்த்த கண்ணாடி இழைத் துணியை அதன்மேல் போர்த்தி, வார்ப்பின் பின்புறத்தில் அகலமாகப் படியச் செய்ய வேண்டும். அந்தப் பின்புறம் தூசியின்றியும் ஈரமாக்கப்பட்டும் இருந்தால்தான் கட்டு ஒட்டும். ஒரு கட்டு போனாலும் அதன் பக்கத்திலுள்ளவை சுமையைத் தாங்கும் அளவுக்கு எண்ணிக்கை இருக்க வேண்டும்.

துண்டுகள் சேரும் இடத்தில் விளிம்புகளை ஒட்டியே நெருக்கக்கூடாது. 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, பின்புறம் துணியால் பிணைத்து, முன்புறம் பிளாஸ்டரால் நிரப்பி, சிறு உலோகத் தகட்டால் வடிவத்தை இணைத்துவிட வேண்டும். மயிரிழை இணைப்பில் பிளாஸ்டர் உள்ளே செல்லாது. அந்த இணைப்பு முதலில் விரிசல் விடும். அசையும் மரக்கூரையும் அசையாத கற்சுவரும் சந்திக்கும் இடத்தில், கார்னிஸை இரண்டிலும் இறுகப் பிடிக்காமல், ஒன்றில் மட்டும் பிடித்து, மற்றதற்கு மெல்லிய நிழற்கோடு அளவில் இடம் விடுவது நல்லது. அசைவைத் தடுக்க முயன்றால் அது கார்னிஸின் நடுவில் கோணலான விரிசலாக வெளிப்படும்.

இடத்திலேயே இழுத்து உருவாக்கும் கார்னிஸ்

பூவேலை இல்லாத நேர்க்கோட்டு வடிவங்களை, குறுக்குவெட்டு வடிவில் அறுத்து அராவிய உலோகத் தகட்டை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, வழிகாட்டிப் பட்டியின்மேல் இழுத்துச் சுவரிலேயே உருவாக்கலாம். இதற்கு நன்கு ஊறிய சுண்ணாம்புக் கூழோடு பிளாஸ்டர் சேர்ந்த கலவை ஏற்றது. சுண்ணாம்பு உலரும்போது சுருங்கும், பிளாஸ்டர் இறுகும்போது சற்றே விரியும். இரண்டும் சேர்ந்தால் விரிசல் குறைகிறது. முழு ஆழத்தையும் ஒரே தடவையில் நிரப்பாமல், மணல் கலந்த அடிப்பூச்சை இறுதி வடிவத்தைவிட 5 மில்லிமீட்டர் குறைவாக இழுத்து, அது கெட்டியானபின் நுண்கலவையால் இறுதி வடிவம் கொடுக்க வேண்டும். தகடு வடிவத்தைச் சுத்தமாக அறுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவது திறமை. மேலும் மேலும் இழுத்தால் விரியும் பிளாஸ்டர் தகட்டில் சிக்கிக் கிழியும்.

ஈரம் வரும் வழிகள்

ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று அதிகமான ஜிப்சம் கரைந்துவிடும். குறைவாகத் தோன்றினாலும், மழை தொடர்ந்து வழியும் முகப்பில் இது இலைகளின் கூர்மையைச் சில ஆண்டுகளில் அழித்துவிடப் போதுமானது. ஆகவே வெளிப்புறத்துக்கு ஜிப்சத்தைப் பயன்படுத்தவே கூடாது. சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டுச் சாந்தோதான் அங்கே பொருந்தும். அவையும் நிலைக்க வேண்டுமானால், துருத்தி நிற்கும் விளிம்பின் மேற்பரப்பு சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும், அதன் அடிப்பக்கத்தில் நீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு ஓட வேண்டும், அகலமான விளிம்புகளுக்கு மேலே துத்தநாக அல்லது ஈயத்தகடு மூட வேண்டும். ஜிப்சத்தையும் சிமெண்டையும் ஒன்றாகக் கலப்பதோ, ஈரம் வரக்கூடிய இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றைப் பூசுவதோ தவறு. சல்பேட்டு சிமெண்டோடு வினைபுரிந்து உண்டாகும் புதிய படிகங்கள் பருத்து, இரண்டையும் பெயர்த்துவிடும். பழைய ஜிப்சம் வேலையின் உடைந்த பகுதியைச் சிமெண்டால் நிரப்புவோர் இதை அறியாமலே பழுதைப் பெருக்குகின்றனர்.

உட்புறத்திலும் சுவரின் ஓதத்தை நிறுத்தாமல் வேலைப்பாட்டைத் தொடங்கக்கூடாது. ஓதம் கொண்டுவரும் உப்புகள் வார்ப்பின் முகத்துக்கு அருகே படிகமாகி, மேற்பரப்பைச் செதிலாக உதிர்க்கும். குளியலறை போன்ற இடங்களில் நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால், எந்த வண்ணமும் பிளாஸ்டரைக் காக்காது.

வண்ணம் பூசுவதற்கு வார்ப்பும் இணைப்புகளும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். முதற்பூச்சு நீர்த்ததாக இருந்தால் உள்ளே இறங்கிப் பற்றும். ஆவி கடந்து செல்லவல்ல மெல்லிய பூச்சுகளே போதும். எண்ணெய் வண்ணம் உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவிடும். பழைய வண்ணத்தின்மேல் புதியதை அடுக்கிக்கொண்டே போனால் வேலைப்பாட்டின் நுணுக்கம் புதைந்துவிடுவதால், சில பூச்சுகளுக்கு ஒருமுறை பழையதைப் பக்குவமாக நீக்கிவிட வேண்டும்.

கசிவுக்குப் பின்

கூரையில் நீர் கசிந்து பழுப்புக் கறை தோன்றினால், முதலில் கசிவை அடைத்து, கீழே யாரும் நடமாடாதவாறு செய்ய வேண்டும். சிறிதளவு ஈரமே பிளாஸ்டரின் வலுவைப் பெரிதும் குறைத்துவிடும். துணியோ நனைந்து கனத்திருக்கும். கறையை வண்ணத்தால் மறைக்க அவசரப்படாமல், காற்றோட்டம் கொடுத்து வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். உலர்ந்தபின் கைமுட்டியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால், பிடிமானம் உள்ள இடம் திண்ணென்றும் கழன்ற இடம் வெற்றொலியோடும் கேட்கும். உள்ளங்கையால் மேல்நோக்கி மெல்ல அழுத்தும்போது அசைந்தால், அந்தப் பகுதியை உடனே முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைகள் மட்டும் போதாது. மேற்புறம் ஏறி, வார்ப்பை உத்தரத்தோடு பிணைக்கும் ஒவ்வொரு துணிக்கட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, துணி நிறம் மாறியிருக்கிறதா, விரலால் இழுத்தால் நூல் நூலாகப் பிரிகிறதா, கம்பியில் துரு உள்ளதா என்று ஆராய்ந்து குறித்துவைக்க வேண்டும். நலிந்த கட்டை அகற்றாமல், அதன் அருகிலேயே புதிய கட்டைப் போட்டு, அது இறுகி உலர்ந்த பிறகே பழையதைத் தொட வேண்டும். கசிவு இல்லாத காலத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சோதனை நடக்க வேண்டும். முதல் முறை எடுத்த குறிப்புகளும் புகைப்படங்களும் இருந்தால்தான், அடுத்த முறை காணும் விரிசல் பழையதா, வளர்வதா என்று சொல்ல முடியும்.